கோயம்பேட்டில் இரண்டு கிலோ தக்காளி

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து நான்கு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை முதல்முறையாகக் கோயம்பேடு சந்தைக்குப் போனேன். காலை எட்டரை மணி இருக்கும். ஒரு மண்டியில் இரண்டு கிலோ தக்காளி கேட்டேன். "பெட்டியாக எடுப்பதானால் சொல்லுங்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூட்டை சுமந்து வந்த ஒருவர் என்னை இடித்துவிட்டு, நின்றுகூடப் பார்க்காமல் போனார். வெறும் பையோடு வீடு திரும்பினேன். அத்தனை பெரிய சந்தையில் மனிதர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எட்டரை மணி நமக்குத்தான் காலை. கோயம்பேட்டுக்கு அது சாயங்காலம். மதனப்பள்ளி, கோலார் தக்காளியும் நாசிக் வெங்காயமும் ஊட்டி கேரட்டும் இரவிலேயே லாரியில் வந்து இறங்கிவிடும். தெருமுனைக் காய்கறிக் கடைக்காரர்கள் இருட்டோடு வந்து வாங்கி, விடிவதற்குள் கடை திறக்க ஓடுவார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் நீங்கள் கல்யாண வீட்டுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். உபசாரம் குறைந்ததில் வியப்பில்லை.

மண்டிக்காரர் விற்பது பெரும்பாலும் அவருடைய சரக்கு அல்ல. எங்கோ ஒரு விவசாயியோ ஊர் வியாபாரியோ அனுப்பியதை விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். ஒரு பெட்டி ஏறக்குறைய 15 கிலோ. உங்களுக்காக அதை உடைத்தால் மீதி 13 கிலோவை யார் தலையில் கட்டுவார்? உங்களுக்கு வேண்டிய கடைகளும் அதே வளாகத்தில் உண்டு. 295 ஏக்கர், 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். மொத்தக் கடைகளுக்கு நடுவிலேயே கிலோக்கணக்கில் நிறுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், தரையில் கூறு கட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் நாளில் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். எனக்கும் படவில்லை.

உங்களை இடித்தவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஓரமாக நின்று ஒருவரை மட்டும் பாருங்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் 50 கிலோ வெங்காய மூட்டை. கழுத்து நரம்பு விறைத்திருக்கும். அவரால் தலையைத் திருப்ப முடியாது, குனிய முடியாது. எதிரே நாலடி தூரம்தான் பார்வை. அதனால்தான் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார். பாரத்தோடு நடப்பதைவிட நிற்பதுதான் கடினம். நின்று உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால், திரும்ப நடையைப் பிடிக்க அவருக்கு எவ்வளவு மூச்சு செலவாகியிருக்கும்! இடிபட்ட தோள் உங்களுடையது என்பதால் இந்த நியாயம் இப்போது உறைக்காது, தெரியும்.

நான் முதலில் போனது 1998-ல். ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறிச் சந்தை அங்கே இடம் மாறி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான்கு பேர் சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தோம். பத்து மணி வாக்கில் ஒரு கூடை நாட்டுத் தக்காளியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி பஸ் ஏறினேன். இறங்கும்போது கூடையின் அடியிலிருந்து சாறு சொட்டி, பக்கத்தில் இருந்தவரின் வேட்டி வரை போயிருந்தது. நாட்டுத் தக்காளி தோல் மெல்லியது. பழுத்துவிட்டால் அன்றே அடுப்பில் ஏற வேண்டும். நாலு நாள் தாங்க வேண்டுமென்றால் கெட்டித் தோல் உள்ள நவீன் தக்காளிதான். அந்த வாரம் முழுக்க ரசம், தொக்கு, மறுபடி ரசம். நண்பர்கள் அதற்குப் பிறகு என்னைச் சந்தைக்கு அனுப்பியதே இல்லை.

இன்னொரு முறை போங்கள். இந்தத் தடவை அதிகாலை நான்கு மணிக்கு, பை இல்லாமல். காய்கறிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூச்சந்தைக்குள் நுழையுங்கள். ஈரச் சாக்கைப் பிரித்து மல்லிகையைக் கொட்டும் நேரம் அது. செருப்பு மட்டும் அடி தேய்ந்ததாக இருக்க வேண்டாம். தரையில் கிடக்கும் முட்டைக்கோஸ் மேல் இலைக்கு முன்னால் வாழைப்பழத் தோலெல்லாம் ஒன்றுமே இல்லை.