அன்னாசி போட்டா ஜெல்லி ஏன் உறையல?

கேள்வி: அக்கா, பசங்க கேட்டாங்கன்னு ஜெலட்டின் வாங்கி பழ ஜெல்லி செஞ்சேன். கொல்லிமலை அன்னாசி, மாதுளை, திராட்சை எல்லாம் போட்டு ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வெச்சும் காலைல பாத்தா சாறு மாதிரி ஓடுது. பாக்கெட் போலியா? அப்புறம் எங்க மாமியார் சுத்த சைவம், அவங்களுக்கு இத குடுக்கலாமா?
- நாமக்கல் வாசகி

பதில்: பாக்கெட்ட திட்டாதீங்க, வேலைய காட்டினது அன்னாசிதான். வேக வெக்காத பச்சை அன்னாசில புரோமெலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது புரதத்த துண்டு துண்டா வெட்டிப் போட்டுடும், ஜெலட்டினே புரதம்தானே, அப்புறம் எங்கேர்ந்து உறையும், ஒரு வாரம் வெச்சாலும் தண்ணிதான். பப்பாளி, கிவியும் இதே கேஸ். கறி வேகலன்னா பப்பாளிக்காய் போடுறோமே, அதே சமாச்சாரம். அன்னாசிய பொடியா நறுக்கி கொஞ்சம் சர்க்கரை போட்டு அஞ்சாறு நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு ஆற வெச்சு போடுங்க, என்சைம் செத்துரும். டின் அன்னாசி ஏற்கனவே சூடு பட்டது, அப்படியே போடலாம். அச்சுலேர்ந்து கவுக்கணும்னா 10 கிராம் ஜெலட்டினுக்கு 400 மில்லி போதும், பச்சத்தண்ணில ஊற வெச்சு சூடு பண்ணி கரைங்க, கொதிக்க விடாதீங்க.

மாமியாருக்கு ஜெலட்டின் வேணவே வேணாம், அது மாட்டுத்தோல், பன்னித்தோல், எலும்புலேர்ந்து எடுக்குறது. சொல்லாம குடுக்குறது ரொம்ப தப்புங்க. அவங்களுக்கு கடல்பாசிதான், சைனா கிராஸ்னு கேட்டாலும் கடைல தருவாங்க, நோன்பு நேரத்துல பாய் வீடுகள்ல பாலும் ரோஸ் எசன்ஸும் ஊத்தி செய்வாங்களே அதேதான். என்னைக் கேட்டா எல்லாருக்குமே இதுலயே செஞ்சிடலாம், நம்மூர் மே மாச வெயிலுக்கு ஜெலட்டின் மேசைலயே இளகிடும், இது வெளில வெச்சாலும் நிக்கும். இது புரதம் இல்லாததால பச்சை அன்னாசியும் ஒண்ணும் பண்ணாது.

10 கிராம் கடல்பாசிய ஊற வெச்சு வெறும் தண்ணில ஒரு இழை கூட தெரியாத வரைக்கும் கொதிக்க விட்டு வடிகட்டி, அடுப்ப அணைச்சப்புறம் சாறு ஊத்துங்க, மொத்தம் முக்கா லிட்டர். புளிப்பு சாற சேத்து கொதிக்க விட்டா பிடிப்பு கொறஞ்சிடும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சாற அப்படியே ஊத்தினா திரி திரியா கட்டிக்கும்.

கடல்பாசில பழம் அடில போய் உக்காராம இருக்க, பாதி ஊத்தி, மேல தொட்டா விரல்ல ஒட்டுற பதத்துல பழத்த பரப்பி மீதிய சூடா ஊத்துங்க. முழுசா இறுகிட்டா ரெண்டாவது அடுக்கு ஒட்டாது, கவுக்கும்போது தனியா வழுக்கிட்டு போயிடும்.

அச்சுக்குன்னு காசு செலவு பண்ணாதீங்க, எவர்சில்வர் கிண்ணமே போதும். கடல்பாசின்னா ஓரத்த விரலால லேசா இழுத்து காத்து உள்ள போக விட்டா தானா வந்துரும், ஜெலட்டின்னா கிண்ணத்த வெதுவெதுப்பான தண்ணில பத்து எண்ணுற வரைக்கும் வெச்சு எடுங்க. தட்ட மட்டும் ஈரம் பண்ணிக்கோங்க, கோணலா விழுந்தாலும் நடுவுக்கு நகத்திக்கலாம்.