ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இம்பிடென்ஸ் மேட்ச் செய்ய வேண்டுமா? கேள்வி பதில்

கே: சார், லோடின் இம்பிடென்ஸும் (ஏசி சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) சோர்ஸின் இம்பிடென்ஸும் சமமானால்தான் அதிக பவர் போகும் என்று படித்தேன். அப்படியானால் ரேடியோவில் எல்லா ஸ்டேஜையும் மேட்ச் செய்துதானே ஆக வேண்டும்?

ப: இல்லை. முதலில் அந்த ஸ்டேஜிலிருந்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஆன்டெனா சிக்னல் மாதிரி பவரே அரிதாக இருக்கும் இடத்தில் மேட்ச் செய்யலாம். ஆடியோவில் வேண்டியது வோல்டேஜ். முன் ஸ்டேஜின் அவுட்புட் 1 கிலோ ஓம் என்றால், அடுத்ததன் இன்புட் 10 கிலோ ஓமுக்குக் குறையாமல் இருந்தால் போதும். அங்கே மேட்ச் செய்தால் வோல்டேஜ் பாதியாகிவிடும்.

கே: மிக்சரை (இரு சிக்னல்களைக் கலந்து புது ஃப்ரீக்வென்சி தரும் ஸ்டேஜ்) இணைத்ததும் என் விஎஃப்ஓவின் (ஃப்ரீக்வென்சியை மாற்றக்கூடிய ஆஸிலேட்டர்) ஃப்ரீக்வென்சி நகர்கிறது. மேட்ச் சரியில்லையோ?

ப: இங்கே மேட்ச் செய்யவே கூடாது. ஆஸிலேட்டரிலிருந்து எவ்வளவு குறைவாக எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. சில பிகோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஒரு ஜேஃபெட் பஃபருக்கு (அடுத்த ஸ்டேஜ் ஆஸிலேட்டரைப் பாதிக்காமல் தடுக்கும் டிரான்சிஸ்டர் ஸ்டேஜ்) கொடுங்கள். பவர் வேண்டுமா, பஃபருக்கு அப்புறம் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கே: 9 மெகாஹெர்ட்ஸில் 200 ஓமுக்கு ஒரு கிரிஸ்டல் லேடர் ஃபில்டர் (கிரிஸ்டல்களை வரிசையாக இணைத்த ஃபில்டர்) கட்டினேன். டையோடு ரிங் மிக்சரில் நேராக இணைத்தால் பாஸ்பேண்டில் (ஃபில்டர் கடந்து போக விடும் ஃப்ரீக்வென்சிகள்) மேடும் பள்ளமுமாக வருகிறது. கிரிஸ்டல் கெட்டுவிட்டதா?

ப: கிரிஸ்டல் நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக அளந்து, தேர்ந்தெடுத்துக் கட்டுகிறோம். கடைசியில் இரு முனைகளையும் கவனிக்காமல் விட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஃபில்டரின் வடிவமே இரு பக்கமும் 200 ஓம் இருக்கிறது என்ற கணக்கில் வந்தது. மிக்சரின் 50 ஓமிலிருந்து 200க்குப் போக 1:2 சுற்று விகிதத்தில் ஒரு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். அல்லது 1.53 மைக்ரோஹென்றி காயிலை சீரிஸில் வைத்து, 200 ஓம் பக்கத்தில் 153 பிகோஃபாரட்டை கிரவுண்டுக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாஸ்பேண்டுக்கு வெளியே ஃபில்டர் 200 ஓமாகவே தெரியாது; வந்ததைத் திருப்பி அனுப்பும். ரிங் மிக்சருக்கோ எல்லா ஃப்ரீக்வென்சியிலும் 50 ஓம் வேண்டும். இல்லாவிட்டால் இன்டர்மாடுலேஷன் (சிக்னல்கள் தமக்குள் கலந்து உருவாகும் வேண்டாத சிக்னல்கள்) கூடும். அதனால் நடுவில் ஒரு 6 டெசிபெல் பேட் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் தொகுதி) போடுங்கள்: கிரவுண்டுக்கு 150, நடுவில் 39, மறுபடி 150 ஓம். பேடின் மறு முனை திறந்தே கிடந்தாலும் மிக்சர் பார்க்கும் எஸ்டபிள்யூஆர் (மேட்ச் எவ்வளவு விலகியது என்று காட்டும் விகிதம்; 1 என்றால் முழு மேட்ச்) 1.7ஐத் தாண்டாது.

கே: அந்த 6 டெசிபெல்லை இழக்க மனமில்லை. பேடுக்குப் பதிலாக சாதாரண ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபயர் (அவுட்புட்டில் ஒரு பகுதியை இன்புட்டுக்குத் திருப்புவது) போடலாமா?

ப: அதில் அவுட்புட் லோடு மாறினால் இன்புட் இம்பிடென்ஸும் மாறும், ஃபில்டரின் குறும்பு மிக்சர் வரை வந்துவிடும். இதற்காகத்தான் அமெச்சூர் ரேடியோக்காரர்களான வெஸ் ஹேவர்டும் பாப் கோப்ஸ்கியும் 2009இல் லோடைப் பொருட்படுத்தாத ஒரு ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டார்கள். பாகங்கள் கொஞ்சம் கூடும், ஆனால் என் ஓட்டு அதற்குத்தான்.

கே: 7 மெகாஹெர்ட்ஸில் ஸ்டேஜ்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் வயர். 50 ஓம் கோஆக்ஸ் கட்டாயமா?

ப: அலைநீளம் கிட்டத்தட்ட 43 மீட்டர். மேட்சுக்காக வேண்டாம், ஷீல்டுக்காக வேண்டுமானால் போடுங்கள்.

கே: 12 வோல்ட்டில் 5 வாட் ஃபைனல் (டிரான்ஸ்மிட்டரின் கடைசி பவர் ஸ்டேஜ்). டிரான்சிஸ்டரின் அவுட்புட் இம்பிடென்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: தேவையே இல்லை. வோல்டேஜின் வர்க்கத்தை பவரின் இரு மடங்கால் வகுங்கள்: 144ஐ 10ஆல் வகுத்தால் 14.4 ஓம். டிரான்சிஸ்டருக்குக் காட்ட வேண்டிய லோடு அதுதான். 1:2 டிரான்ஸ்ஃபார்மர் 50 ஓமை 12.5 ஆக்கும், அது போதும். ஆனால் அதற்குப் பின் வரும் லோ பாஸ் ஃபில்டர் 50 ஓமுக்கே கணக்கிட்டது. ஆன்டெனா அங்கே 50 ஓம் காட்டாவிட்டால் ஃபைனல் பார்க்கும் லோடும் மாறிவிடும். எஸ்டபிள்யூஆரை முதலில் குறைந்த பவரில் பாருங்கள்.