கீசருக்காக வாடகையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: கார்த்திகையில் ஓசூர் மாநகராட்சிக்குள் வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000 ரூபாய். 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதியிருக்கிறோம். வந்த வாரமே கீசர் ஒழுகியது. ஷவர் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. ஓனர் பெங்களூரில் இருக்கிறார்; 'குடியிருக்கிறவங்கதான் பார்த்துக்கணும்' என்கிறார். அவர் மனைவி என் அம்மாவிடம் மரியாதையில்லாமல் பேசினார். முன்பிருந்தவர்களும் இதனால்தான் காலி செய்தார்களாம். இந்த மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். முதலில் நிறுத்திய வாடகையைக் கட்டுங்கள்.

ஓனரின் மனைவி பேசியதும் முன்பிருந்தவர்கள் கதையும் வழக்குக்கு உதவாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கோளாறு கீசரிலா, வயரிங்கிலா? 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, கீசர் பழுதை வாடகைதாரர் பக்கம் வைத்திருக்கிறது. வயரிங் உரிமையாளர் பக்கம். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து, தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் (ஹீட்டிங் காயில்) கெட்டிருந்தால் ஓனர் சொன்னது சரி. கீசரின் டேங்கே ஓட்டை என்றால், குடிவரும்போதே கெட்டிருந்த பொருள், இது பழுது பார்ப்பதில் சேராது என்று வாதிடலாம். சில ஆயிரம் ரூபாய் பொருளுக்காக அதை நான் வாதிடமாட்டேன்.

ஷாக் வேறு. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு கீசர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் வயர் இல்லை என்றால் அதைத் தேதியோடு பில்லிலேயே எழுதி வாங்கி, சாக்கெட்டைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் கையில் இருக்கும் சாட்சியம் அவ்வளவுதான், அது போதும். வயரிங் சரியாகும்வரை கீசர் எம்.சி.பி-யை (மின்பலகையில் கீசருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) ஆஃப் செய்து வையுங்கள். அம்மாவை அந்தக் குளியலறைக்குள் விடாதீர்கள். ஈரக் கையில் பாயும் மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும்.

இனி நான் பயப்படும் விஷயம். 'அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்தியவர்கள் பலர் பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓனர் சம்மதிக்காதவரை அது கழிவு அல்ல, பாக்கி. இரண்டு மாத பாக்கி சேர்ந்து, அதைக் கட்டச் சொல்லி ஓனர் கேட்பு நோட்டீஸ் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் நீங்கள் வட்டியோடு கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு போட அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். அந்த ஒரு மாதத்தில்தான் ஆட்கள் கெடுகிறார்கள். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நோட்டீஸை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். கீசர் ஒழுகியதற்கும் வாடகை கட்டாததற்கும் நீதிமன்றம் முடிச்சுப் போடாது.

உங்களுக்கு இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அந்த 20 ரூபாய் பத்திரத்தை வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்டவர்) பதிவு செய்ததாக நீங்கள் எழுதவில்லை. நாம் நோட்டீஸ் விட்டால் ஓனரும் ஒரு வக்கீலைப் பார்ப்பார். அந்த வக்கீல் கீசரைப் பற்றிப் பேசவே மாட்டார். 'அக்ரிமென்ட் பதிவாகியிருக்கா?' என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. சட்டப்படியான ஒப்பந்தம் இல்லை என்பதையே வெளியேற்றத்துக்குத் தனிக் காரணமாக அவர் எடுத்துவைக்கப் பார்க்கலாம். பதிவு செய்வதில் ஓனருக்கும் கடமை உண்டு, உண்மைதான். ஆனாலும் நடுவில் வீடு தேடி அலையப்போவது நீங்கள்.

அதனால் சமரசம் செய்யுங்கள். எர்த், வயரிங் செலவு முழுவதும் ஓனருடையது, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கீசர் விலையில் பாதி கேளுங்கள். மறுத்தால் நீங்களே வாங்கி மாட்டி, 'கீசர் எங்களுடையது, காலி செய்யும்போது எடுத்துச் செல்வோம்' என்று எழுதி அவரைச் 'சரி' என்று பதில் போட வையுங்கள். பேச்சு சுமுகமாக இருக்கும்போதே ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் கேளுங்கள். வாடகையை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். வயரிங்கைச் சரிசெய்ய மறுத்தால் அந்த பில்லோடு வாடகை அதிகாரியிடம் போகலாம், அப்போது என்னிடம் வாருங்கள்.