செங்கடலும் சரக்குக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தில் 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நிலவும் குழப்பம் பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஜெர்மனிக்குப் பனியன் ஆடைகள் அனுப்புகிறோம். எங்கள் சரக்கை ஏற்றிய கப்பல் எதுவும் தாக்கப்படவில்லை. அப்படியிருக்க, செங்கடல் பிரச்சினை தொடங்கியபின் கப்பல் கட்டணம் பல மடங்கு ஏறியதும், சில வாரங்களில் காலிக் கண்டெய்னரே கிடைக்காமல் போனதும் ஏன்? – ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: தங்கள் சரக்கு தாக்கப்படாமல் தப்பியதற்கு அது சென்ற பாதை மாறியதே காரணம், கட்டணம் ஏறியதற்கும் அதே பாதை மாற்றம்தான் காரணம். 2023 நவம்பர் 19 அன்று, காசாப் போரைக் காரணம் காட்டி, ஏமனின் ஹூதிப் படையினர் ஹெலிகாப்டரில் வந்திறங்கி ‘கேலக்ஸி லீடர்’ என்ற கார் ஏற்றும் கப்பலைச் செங்கடலில் கைப்பற்றினார்கள். அடுத்த சில வாரங்களில் ஏவுகணைகளும் டிரோன்களும் வணிகக் கப்பல்களைத் தேடி வந்ததால், டிசம்பர் நடுவில் மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக் லாய்டு முதலிய பெரிய நிறுவனங்கள் செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்வதென முடிவெடுத்தன. செங்கடலின் தென்வாயிலான பாப் எல் மண்டெப் நீரிணைக்கு அரபு மொழியில் ‘கண்ணீர் வாயில்’ என்று பொருள். அங்கு மாண்ட மாலுமிகளை நினைக்கும்போது அந்தப் பெயர் மனத்தைத் தைக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியாகச் சுமார் 8,500 கடல் மைல். முனையைச் சுற்றினால் சுமார் 11,800 கடல் மைல். கப்பலின் வேகத்தைப் பொறுத்து ஒரு நடைக்கு 10 முதல் 14 நாள் வரை கூடுகிறது. எரிபொருள் செலவு ஏறுவது உண்மைதான் என்றாலும், சூயஸ் கால்வாய்க்குக் கட்ட வேண்டிய சில லட்சம் டாலர் மிச்சமாவதால் அது ஓரளவு ஈடாகிவிடுகிறது. கட்டணத்தை உண்மையில் உயர்த்தியது கப்பல் பற்றாக்குறையே. வாரந்தோறும் ஒரே கிழமையில் ஒரு கப்பல் புறப்பட வேண்டுமென்றால், போய்த் திரும்ப 84 நாளாகும் தடத்தில் 12 கப்பல்கள் இருந்தால் போதும். அதே பயணத்துக்கு 98 நாளானால் 14 கப்பல்கள் தேவை. 105 நாளானால் 15. சரக்கு ஒரு பெட்டிகூடக் கூடாமலே, அதே சேவையை நடத்த இரண்டு மூன்று கப்பல்கள் கூடுதலாக வேண்டியிருந்தன. சூயஸ் வழிச் செல்லும் தடங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதத்தில் இந்தத் தேவை எழுந்தால் என்னவாகும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கண்டெய்னர் கிடைக்காமல் போனதும் இதே கணக்கின் இன்னொரு பக்கம். ஹாம்பர்க்கில் சரக்கிறக்கிய பெட்டி காலியாக ஆசியா திரும்பவும் அதே நெடுவழியில்தான் வர வேண்டும். இரு வாரம் தாமதமாகத் திரும்பும் பெட்டி ஆண்டில் செய்யும் சுற்றுகள் குறைந்துவிடுகின்றன. தூத்துக்குடி போன்ற, தாய்க்கப்பல்கள் எனப்படும் பெரிய நெடுந்தூரக் கப்பல்களைவிட, அவற்றுக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் சிறிய பீடர் கப்பல்களையே பெரிதும் நம்பியிருக்கும் துறைமுகங்களுக்குக் காலிப் பெட்டி வந்து சேர்வது கடைசியில்தான். ஆகவே பற்றாக்குறையை முதலில் உணர்வதும் அவையே.

கப்பல் துறை ஆய்வு நிறுவனமான ட்ரூரி வாரந்தோறும் வெளியிடும் குறியீட்டின்படி, 40 அடிப் பெட்டிக்கான உலகச் சராசரிக் கட்டணம் கொரோனா நெருக்கடியின் உச்சமான 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. 2024 ஜூலையில் 6,000 டாலரை நெருங்கியது. பின்னர், கொரோனாக் கால லாபத்தில் ஆர்டர் செய்யப்பட்ட புதிய கப்பல்கள் அடுத்தடுத்துக் கடலிறங்க இறங்க, கப்பல்கள் முனையைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே கட்டணம் தணியத் தொடங்கியது.

கேள்வி: நாங்கள் எப்.ஓ.பி. தூத்துக்குடி என்று ஒப்பந்தம் போடுகிறோம். பெட்டி குறித்த நாளுக்கு முன்பே துறைமுகத்துக்குள் சென்றுவிட்டது. ஆனால் கப்பலில் இடமில்லை என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்குபவரோ, தாமதத்துக்கு நாங்களே பொறுப்பு என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார். நியாயமா? – மெர்ச்சண்டைசர், திருப்பூர்

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடையளிக்க விரும்புகிறோம், ஏனெனில் சிறிய ஏற்றுமதியாளர்கள் பலர் பணத்தை இழப்பது கடலிலன்று, இந்த இடத்தில்தான்.

எப்.ஓ.பி. முறையில், சரக்கு கப்பலின் மேல் ஏற்றப்பட்ட நொடியில்தான் சேதத்துக்கும் இழப்புக்குமான பொறுப்பு வாங்குபவரிடம் போகிறது. மூட்டைகளைத் தூக்கிக் கப்பலின் தளத்தில் வைத்த காலத்துக்கு அது பொருத்தமான விதி. இன்று நீங்கள் பெட்டியைத் துறைமுக யார்டிலோ கண்டெய்னர் நிலையத்திலோ ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். அதன்பின் அது எந்தக் கப்பலில், என்றைக்கு ஏறும் என்பதில் உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் கைவிட்டுப் போனபின்னும் பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் இருக்கிறது. சர்வதேச வணிகச் சபை இதனாலேயே, கண்டெய்னர் சரக்குக்கு எப்.ஓ.பி. ஏற்றதன்று, எப்.சி.ஏ. முறையைப் பயன்படுத்துங்கள் என்று விற்பவர், வாங்குபவர் கடமைகளை வரையறுக்கும் தன் இன்கோடெர்ம்ஸ் விதிகளில் சொல்லிவருகிறது. எப்.சி.ஏ.யில், வாங்குபவர் நியமித்த போக்குவரத்தாளரிடம் பெட்டியை ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறிவிடுகிறது. “வங்கி ஆன்போர்டு பில், அதாவது சரக்கு கப்பலில் ஏறியதற்கான சீட்டு, கேட்குமே” என்று தயங்குபவர்கள் உண்டு; 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், கப்பலில் ஏற்றப்பட்டது என்ற குறிப்புடன் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) தரும்படி வாங்குபவர் தம் போக்குவரத்தாளருக்கு அறிவுறுத்த வேண்டும் என்று இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்.

இனி, தங்கள் வழக்கு. எப்.ஓ.பி.யிலும் கப்பலை நியமிப்பது வாங்குபவரின் கடமை. அவர் நியமித்த கப்பல் உரிய காலத்தில் வராவிட்டாலோ, வந்தும் சரக்கை ஏற்றிக்கொள்ளாவிட்டாலோ, அந்தச் சரக்கு இன்ன ஒப்பந்தத்துக்குரியது என்று தெளிவாக இருக்கும்வரை, ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இடர் அவருடையதே என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே விலைக் குறைப்புக்கு உடனே தலையசைக்க வேண்டியதில்லை. பெட்டி துறைமுக வாயிலைக் கடந்த நேரத்தைக் காட்டும் சீட்டு, புக்கிங் உறுதிக் கடிதம், அடுத்த கப்பலுக்குத் தள்ளியதாக முகவர் அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் அன்றன்றே வாங்குபவருக்கு அனுப்பிவைத்திருந்தால் தங்கள் பக்கம் வலுவானது. தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிட்டவர்களுக்கு வாதாட எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: வங்கிக்கு இந்த நியாயம் எதுவும் தெரியாது. லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தில்) கடைசி ஏற்றுமதி நாள் என்று ஒன்று இருந்து, பில் ஆஃப் லேடிங்கில் அதற்கு மறுநாள் தேதி இருந்தாலும் ஆவணம் குறைபாடுடையதே. கப்பல்கள் வரிசை தவறி ஓடும் காலத்தில், அந்த நாளுக்குக் குறைந்தது இரண்டு வார இடைவெளியாவது ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் இந்தத் தாமத நஷ்டம் கிடைக்குமா? போர் ஆபத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? – மசாலாப் பொருள் ஏற்றுமதியாளர், விருதுநகர்

பதில்: வழக்கமான கடல்சார் சரக்குக் காப்பீட்டில் தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கிடையாது, அந்தத் தாமதம் காப்பீட்டுக்குள் வரும் ஆபத்தால் நேர்ந்ததாக இருந்தாலும் கிடையாது. போர் ஆபத்தும் அடிப்படைப் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கும். தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்தாலும், பொதுவாகச் சரக்கு கப்பலின் மேல் இருக்கும் காலத்துக்கே அது பொருந்தும், கரையில் கிடக்கும் காலத்துக்கன்று.

சி.ஐ.எப். முறையில் (சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்த்து) விற்பவர்கள், காப்பீடு நாம் எடுப்பதால் சேருமிடம்வரை பொறுப்பும் நம்முடையதே என்று எண்ணிக்கொள்கிறார்கள். பொறுப்பு ஏற்றும் துறைமுகத்திலேயே மாறிவிடுகிறது. அதன்பின் உங்களுடையது செலவு மட்டுமே.

காப்பீடே வேண்டாம் என்று சேமிக்க நினைப்பவர்களுக்கு ‘பொதுச் சராசரி’ என்ற பழைய கடல் வழக்கத்தை நினைவூட்ட வேண்டும். கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவை, கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் அனைவரும் தத்தம் சொத்தின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்வது அது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கிக்கிடந்த ‘எவர் கிவன்’ கப்பலின் உரிமையாளர்கள் இதைத்தான் அறிவித்தார்கள். தன் பெட்டியில் ஒரு கீறலும் விழாத வணிகர்கூட, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லையென்றால், ரொக்கமாக முன்பணம் கட்டினால்தான் சரக்கை எடுக்க முடியும்.

கேள்வி: செங்கடல் வழி அடைபட்டதால் கொழும்புத் துறைமுகத்துக்கு லாபம் என்கிறார்கள், தேயிலை அனுப்பும் எங்களுக்கோ தாமதம்தான் மிஞ்சியது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும்? – தேயிலை வணிகர், கொழும்பு

பதில்: இரண்டுமே உண்மை. கொழும்பு கையாளும் பெட்டிகளில் மிகப்பெரும் பகுதி இறங்கி, மறு கப்பல் ஏறிப் போகும் சரக்கு. அதிலும் பெரும்பங்கு இந்தியாவினுடையது. செங்கடலைத் தவிர்த்த தாய்க்கப்பல்கள் வழியிலுள்ள பல நிறுத்தங்களைக் குறைத்துக்கொண்டு, பெட்டிகளைக் கொழும்பு போன்ற சில இடங்களில் மொத்தமாக இறக்கின. 2023இல் சுமார் 69 லட்சம் இருபதடிப் பெட்டி அளவைக் கையாண்ட துறைமுகம், 2024இல் 77 லட்சத்தைத் தாண்டியது. வருமானம் கூடியது துறைமுகத்துக்கு. அந்த நெரிசலில் இடத்துக்குக் காத்திருந்தது உள்ளூர் ஏற்றுமதியாளரின் பெட்டி. நம் வட்டாரத்தில் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகம் இந்தச் சுமையில் ஒரு பங்கை ஏற்கும் என்றே கருதுகிறோம்.

கேள்வி: பனாமா கால்வாயிலும் கப்பல்கள் வரிசையில் நின்றதாகப் படித்தேன். அங்கும் போரா? – கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: போரன்று, மழையின்மை. சூயஸ் கடல் மட்டத்திலேயே ஓடும் கால்வாய். பனாமாவிலோ கப்பலைச் சுமார் 26 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, காட்டுன் என்ற நன்னீர் ஏரியைக் கடக்கவைத்து, மறுபக்கம் இறக்க வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஏரியிலிருந்து கோடிக்கணக்கான லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அதே ஏரிதான் அங்குள்ள மக்களுக்குக் குடிநீரும் தருகிறது. 2023இன் எல் நினோ வறட்சியில் ஏரி வற்றியதால், வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல்களையாவது விட்டவர்கள் அதை 24க்கும் கீழே குறைத்தார்கள். 2024இல் மழை பெய்தபின் நிலைமை சீரடைந்தது.

கேள்வி: தாக்குதல் ஓய்ந்தால் மறுநாளே பழைய கட்டணம் வந்துவிடுமா? – சுங்க முகவர், சென்னை

பதில்: வராது. தாக்குதல் ஓய்ந்தது என்று நம்புவதற்கே காலம் பிடிக்கிறது. 2025இன் முதல் பாதியில் பல மாதங்கள் வணிகக் கப்பல்கள் தாக்கப்படவில்லை. வழி திறந்துவிட்டது என்று சிலர் எண்ணிய வேளையில், ஜூலை மாதத்தின் ஒரே வாரத்தில் ‘மேஜிக் சீஸ்’, ‘எடர்னிட்டி சி’ என்ற இரு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் காசாவில் போர்நிறுத்தம் வந்தபோதும் பெரும்பாலான நிறுவனங்கள் அவசரப்படாததற்கு அந்த ஜூலையே காரணம் என்பது எங்கள் எண்ணம். நெருக்கடியின் உச்சத்தில் போர் ஆபத்துக் காப்பீட்டுக்காக ஒரே ஒரு நடைக்கு, கப்பலின் மதிப்பில் 1 விழுக்காடு வரை கேட்டார்கள். பத்துக் கோடி டாலர் கப்பலுக்கு அது பத்து லட்சம் டாலர்.

சூயஸுக்குத் திரும்புவதும் நெரிசலோடுதான் நடக்கும். முனையைச் சுற்றி முன்பே புறப்பட்ட கப்பல்களும், சூயஸ் வழியாகப் பின்னால் புறப்பட்டவையும் ராட்டர்டாமிலும் ஆண்ட்வெர்ப்பிலும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். தங்கள் வாடிக்கையாளர்களுக்கு, குறிப்பாக ஐரோப்பாவிலிருந்து உதிரிப்பாகம் இறக்குமதி செய்பவர்களுக்கு, அந்த இடைக்காலத்தை இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அடுத்த ஒப்பந்தத்தில் செங்கடல் வழியாகப் போக வேண்டியிருக்கலாம் என்கிறான். போகமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டா? – ஒரு தாய், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அம்மா, தங்கள் கவலை மிகையானதன்று. ‘கேலக்ஸி லீடர்’ கப்பலின் 25 மாலுமிகள் பதினான்கு மாதம் பிணைக்கைதிகளாக இருந்து 2025 ஜனவரியில்தான் விடுதலையானார்கள். 2024 மார்ச்சில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் உயிரிழந்தார்கள். தப்பியவர்களை இந்தியக் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’ மீட்டது. சரக்குக் கட்டணத்தைப் பற்றி இத்தனை பத்தி எழுதும்போது, அந்தக் கட்டணத்துக்குப் பின்னால் இவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவு எங்களை விட்டு அகலவில்லை.

உரிமை உண்டு, ஆனால் எல்லாக் கப்பலிலும் ஒரே அளவில் இல்லை. சர்வதேச மாலுமிச் சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் கூட்டாகப் பேசி முடித்த ஐ.பி.எப். ஒப்பந்தத்தின்கீழ் வரும் கப்பல்களில், போருக்கு நிகரான பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குள் செல்ல மாலுமி மறுக்கலாம். நிறுவனம் தன் செலவில் அவரை ஊருக்கு அனுப்ப வேண்டும். செல்ல ஒப்புக்கொள்பவருக்குக் கூடுதல் ஊதியமும், உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும் இரட்டிப்பு இழப்பீடும் உண்டு. ஆகவே தங்கள் மகன் கையெழுத்திடும் முன்பே மூன்றைக் கேட்டறிய வேண்டும்: வேலைக்கு அனுப்பும் முகவர், மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்புவதற்கான, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றவரா, கப்பல் இத்தகைய கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் வருகிறதா, அந்த ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கைக்குக் கிடைக்குமா. உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வேலைக்காகத் தன்னிடம் பணம் கேட்கும் முகவரை, அவர் எவ்வளவு நெருங்கியவர் மூலம் வந்தாலும், ஏற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிப் பணம் வாங்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும். கப்பலின் பெயரையும் அதன் நிலையான அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணையும் அதன்மேல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.