மல்ட்டி மீன் மணலைக் குடைவது நோயா?

கேள்வி: இரண்டடி தொட்டியில் ஆறு மல்ட்டி மீன்கள் வளர்க்கிறேன். கண்ணாடி தெரியும்வரை மணலைக் குடைந்து மூலையில் குவித்துவிட்டன, வாலிஸ்னேரியா செடியும் பெயர்ந்துவிட்டது. ஒரு பெண் மீன் நத்தை ஓட்டை விட்டு நகர்வதே இல்லை. வெளியே எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது முட்டையிட்டிருக்கும்.

ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் மட்டுமே வாழும் சிக்லிட் குடும்ப மீன் இது. முழுப்பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபாசியாடஸ். ஆண் சுமார் நாலரை செ.மீ., பெண் அதைவிடச் சிறிது. நியோதாமா என்ற நத்தையின் காலி ஓடுகள் அந்த ஏரியடியில் மெத்தையாகக் கிடக்கின்றன. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரென்பதால் அவை எளிதில் கரைவதில்லை. மல்ட்டிகள் வாயால் மணலை அள்ளித் துப்பி, புதைந்த ஓடுகளை வெளிக்கொண்டுவந்து குடியேறும். ஒரே இடத்தில் ஓர் ஆண், சில பெண்கள், அவற்றின் குஞ்சுகள் எனக் கூட்டமாக இருக்கும்; ஆனாலும் ஒவ்வொரு பெண்ணும் தன் ஓட்டை விட்டுக்கொடுக்காது. ஆகவே உங்கள் தொட்டியில் நடப்பது அதன் இயல்பான வாழ்க்கைதான்.

பெண் மீன் ஓட்டின் உட்சுருளில் முட்டை வைத்துவிட்டு வாயிலில் காவல் நிற்கும். தீனி போட்டதும் பாய்ந்து கவ்விக்கொண்டு திரும்பினால் கவலையில்லை. ஏறத்தாழ பத்து நாளில் வாயிலோரம் பொடிக் குஞ்சுகள் தலைகாட்டும். அவற்றுக்கு, அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்டீமியா (பொடி உப்புநீர் இறால்) குஞ்சுகளைக் கொடுங்கள். தீனிக்கும் வராமல் வேகமாக மூச்சு வாங்கினாலோ, வெள்ளை நூல்போலக் கழிவு வந்தாலோதான் சிக்கல். உடனே நீரில் அமோனியாவை (மீன் கழிவிலிருந்து சேரும் நச்சு) சோதியுங்கள். காரநீரில் குறைந்த அளவு அமோனியாவே கொன்றுவிடும்.

மீனைப் பிடித்தே ஆகவேண்டுமென்றால், ஓட்டைக் குலுக்கவோ உடைக்கவோ வேண்டாம். தொட்டி நீருக்குள்ளேயே, ஆழமான வலையில், ஓட்டின் வாய் கீழ்நோக்கும்படி வைத்துவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

மணல் நைசாக, 5 முதல் 7 செ.மீ. ஆழம் இருக்கட்டும், சரளைக்கல்லை இவற்றால் அள்ள முடியாது. பாறைகளை முதலில் கண்ணாடிமேல் உட்காரவைத்து, பிறகே மணல் கொட்டுங்கள். மணல்மேல் வைத்த பாறை, அடியில் குடைந்ததும் சரிந்து மீனை நசுக்கும். ஒரு மீனுக்கு மூன்று ஓடாவது வேண்டும். வயல் நத்தை ஓடு போதும், ஆனால் கொதிக்கவைத்து உள்ளே சதை துளியும் இல்லாமல் கழுவுங்கள். வாலிஸ்னேரியாவுக்குப் பதில் அனுபியாஸ் செடியைக் கல்லில் கட்டிவிடலாம்.

நீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.8 முதல் 8.8, வெப்பம் 24 முதல் 26 டிகிரி. வெறும் ஆர்ஓ தண்ணீர் ஆகாது. ஃபில்டரில் ஒரு பை பவளத்தூள் போடுங்கள். வாரம் கால்பங்கு நீர் மாற்றும்போது ஓடுகளை இடம் மாற்றாதீர்கள். எல்லை கலைந்தால் சண்டை முதலிலிருந்து தொடங்கும், அதில் அடிபடுவது சிறிய ஆண்கள்தான்.