நகையை இப்போது அடகு வைக்காதீர்கள், அம்மா

அன்புள்ள அம்மா,

மகளை இன்ஜினீயரிங்கில் சேர்க்க நகையை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். கல்லூரி ஏஜென்ட் கேட்கும் முன்பணத்தையும் கட்ட வேண்டாம். மகளின் அசல் சான்றிதழ்களை "சீட்டைப் பிடித்து வைக்க" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகல் கொடுத்தால் போதும்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை. இவை இரண்டும் அவள் கையில் இருக்கும் சொத்து. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடத்தில், கையெழுத்துப் போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். இதை ஏஜென்ட்கள் சொல்வதில்லை. "ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்பார்கள். அதை நம்பி முதல் வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, இரண்டாம் வருடம் வட்டிக்கு அலைகிற குடும்பங்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-இல் தொடங்கி, 2021-இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியாக இருந்தாலும் அப்படித்தான். நீங்கள் நகை வைத்துக் கட்ட நினைக்கும் தொகையே இதுதான்! ஆகவே கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கும்போது அரசுப் பள்ளி விவரத்தை ஒரு வகுப்பு விடாமல் சரியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அந்த ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுத் தரவரிசையில் இடம் கிடைத்தால் முதல் பட்டதாரிச் சலுகை கைகொடுக்கும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். இதுவும் கவுன்சிலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும்தான். மூத்தவன் பாலிடெக்னிக் முடித்திருக்கிறானே, அது தடையா என்று கேட்டிருந்தீர்கள். டிப்ளமா பட்டம் ஆகாது. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தாராளமாக விண்ணப்பியுங்கள்.

இந்த இரண்டில் எது கிடைத்தாலும், அவள் பொறியியலை விட்டுக் கலைக் கல்லூரிக்கே போனாலும், புதுமைப் பெண் திட்டம் தனியாக உண்டு. படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். நான்கு வருடத்தில் 48,000. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவி கொடுத்தார்கள். 2022-இல் அது பெண்களின் உயர்கல்வி உதவியாக மாறியது. பெண்களின் மானத்துக்காகப் போராடிய நம் ஊர் அம்மையார் பெயருக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே யூமிஸ் என்ற அரசின் கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் பதிவு செய்வார்கள். வெளியே யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் மட்டும் இது கிடைக்காது. உங்கள் அண்ணன் மகன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் அவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. 2024-இல் தொடங்கியது, தொகை அதேதான்.

அடுத்து, டெல்டாவில் அதிகம் பேர் கேட்காமலே விட்டுவிடுகிற ஓர் உதவி. உங்களுக்கு ஏழு மா நஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டரை ஏக்கருக்குள் வருகிறது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்துக்கு நஞ்சையில் வரம்பே அந்த இரண்டரை ஏக்கர்தான், புஞ்சைக்கு ஐந்து. குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் இதில் சேரலாம். உறுப்பினரின் பிள்ளைகளுக்குப் படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,250 முதல் 6,750 ரூபாய் வரை கல்வி உதவி உண்டு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் செமஸ்டர் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஆகும். உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இந்தத் திட்டத்தின் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் கேட்டு, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பாருங்கள். குறுவை நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு அலைய நேரம் இருக்காது.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவிக்கும் அதே வரம்புதான். மகளின் தோழிகள் யாருக்காவது பயன்படும், சொல்லுங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அந்த உதவியும் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரசு விடுதியில் சேர, வீடு எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது.

மத்திய அரசின் உதவிகள் தேசிய உதவித்தொகைத் தளத்தில் இருக்கின்றன. பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்க வாய்ப்புண்டு. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் பிரகதி உதவி ஆண்டுக்கு 50,000. ஆனால் வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இவை கிடையாது. 7.5-இல் இடம் கிடைத்தால் உங்களுக்கு இவை தேவைப்படாது.

சரி, தகுதி எல்லாம் இருந்தும் பணம் வராமல் போவது எங்கே தெரியுமா? பெயரில். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். மார்க் ஷீட்டில் உள்ளபடியே மற்ற இரண்டையும் மாற்றுங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. பள்ளியில் படிக்கும்போது மைனராகத் திறந்த கணக்கு என்றால், 18 வயது ஆனதும் கே.ஒய்.சி. (அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்காவிட்டால் முடங்கிப் போகும். வங்கியில் ஆதார் எண் கொடுத்தாயிற்று என்று சும்மா இருக்கக் கூடாது. அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். மைஆதார் தளத்திலும் மகளே பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும்.

இத்தனைக்குப் பிறகும் பணம் துண்டு விழுந்தால், கவுன்சிலிங்கில் கல்லூரி இடம் கிடைத்ததற்கான ஆணை கைக்கு வந்த பிறகு கல்விக் கடன் கேட்கலாம். நான்கு லட்சம் வரை வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. கழுத்து நகை கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இந்த வாரம் வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். சாதிச் சான்று ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். மகளின் தரவரிசை எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், கல்லூரிகளை எந்த வரிசையில் போடலாம் என்று சேர்ந்து பார்ப்போம். ஏஜென்ட் திரும்பப் போன் செய்தால், கவுன்சிலிங் முடியட்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.