கோஸில் புழு: அடுத்த மருந்துக்கு முன்னால் கூட்டைப் பாருங்கள்

நீலகிரி மாவட்டம் கேத்தியிலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "அரை ஏக்கரில் முட்டைகோஸ் போட்டிருக்கிறேன். இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. வாரம் தவறாமல் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்தும் பச்சைப் புழு சாகவில்லை. வேறு என்ன அடிக்கலாம்?"

அடுத்த மருந்தை இப்போதைக்கு வாங்காதீர்கள், ஐயா. முதலில் ஒரு புழுவைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு முனையும் கூம்பி, ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, தொட்டதும் துடித்துப் பின்வாங்கி நூலில் தொங்கினால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான். மருந்துக்குப் பழகுவதில் இதை மிஞ்ச ஆளில்லை. 1950களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவின் ஜாவாவில் டிடிடி பூச்சிக்கொல்லி இதனிடம் தோற்றது. கலந்து அடித்தால் எல்லா மருந்துக்கும் சேர்த்தே பழகிவிடும். கூடவே, உங்களுக்கு உதவுகிற உயிரும் சாகிறது.

அந்த உயிர் டயடெக்மா என்ற சிறு குளவி. குளிர்ந்த மலைக்கு ஏற்றது, நீலகிரியில் நிலைத்துவிட்டது. புழுவுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று கொல்லும். இலையின் அடியில் வலை போன்ற வெள்ளைக் கூடுகளைத் தேடுங்கள். உள்ளே பச்சையாகக் கூட்டுப்புழு தெரிந்தால் அந்துப்பூச்சி வரப்போகிறது. உள்ளே பழுப்பு நிறத்தில், இரு முனையும் உருண்ட இன்னொரு கெட்டிக் கூடு இருந்தால் வரப்போவது குளவி. பழுப்புக் கூடுகள் கணிசமாக இருக்கிற வயலில் நான் கடும் மருந்தைத் தொடவே விடமாட்டேன்.

செடிக்கு இரண்டு புழுவுக்கு மேல் இருந்தால் பி.டி. பாக்டீரியா மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடியுங்கள். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும். கோஸ் இலையில் மெழுகு உண்டு. ஒட்டும் திரவம் சேர்க்காவிட்டால் மருந்து உருண்டு ஓடிவிடும். இலையின் அடிப்பக்கம் நனைவது முக்கியம். தின்றால்தான் புழு சாகும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாளே பார்த்துவிட்டுப் பதறி வேறொன்றை அடிக்காதீர்கள். குளவிக்கு இதனால் கேடு குறைவு. ஆனால் இதையே தொடர்ந்து அடிப்பதும் ஆபத்து, ஹவாயில் 1990-லேயே பி.டி.க்கும் எதிர்ப்பு வந்துவிட்டது. இடையில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம்.

அடுத்த போகத்துக்கு 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு போடுங்கள்: ஒன்று நடவுக்கு 15 நாள் முன்பு, மற்றது நட்ட 25-ம் நாள். அந்துப்பூச்சி கோஸை விட்டுக் கடுகைத் தேடிப்போய் முட்டையிடும். அறுவடை முடிந்ததும் கோஸ் தண்டுகளைப் பிடுங்கி மக்கவிடுங்கள். வரப்பில் தானாக முளைத்து, பூச்சிக்கு இடம் கொடுக்கிற காட்டுக் கடுகையும் விட்டுவைக்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் அதே வாரத்தில் செய்யச் சொல்லுங்கள்.